காஞ்சிபுரம் பட்டு வடிவங்களின் படிமச் செயலாக்கம்

காஞ்சிபுரம் பட்டு வடிவங்களின் படிமச் செயலாக்கம் என்பது, பட்டுச் சேலையின் கரை, முந்தானை, புட்டா ஆகியவற்றில் உள்ள வடிவங்களை ஒளிப்படமாகவோ வருடிய படமாகவோ பெற்று, கணினி நிரல் மூலம் இழைக்கட்டங்களாகப் பிரித்து, ஜக்கார்டு அட்டைக்கோ மின்னணு ஜக்கார்டு பெட்டிக்கோ உரிய கோப்பாக மாற்றும் பணியாகும். கணினிப் பார்வை, படிமச் செயலாக்கம் ஆகிய இரு துறைகளின் அடிப்படைச் செயற்பாடுகள் பெரும்பாலும் இப்பணியில் தேவைப்படுகின்றன. இக்கட்டுரை அவற்றை நிரலாக்க நோக்கில் விளக்குகிறது.

கணிதத் தமிழில் நிரல் என்பது அணியின் செங்குத்து வரிசையைக் குறிக்கும். கணினித் தமிழில் அதே சொல் கணினிக்கான ஆணைத்தொகுப்பைக் குறிக்கும். இங்கு அச்சொல் பின்னைய பொருளிலேயே வருகிறது. அணியின் வரிசைகளுக்கு நெசவுச் சொற்களான பாவு (நெடுக்கு இழை), ஊடை (குறுக்கு இழை) என்பனவே பயன்படுத்தப்பட்டுள்ளன. இவை குழப்பம் தராதவை என்பதோடு பொருளுக்கும் நெருக்கமானவை.

பின்னணி

காஞ்சிபுரம் பட்டு 2005-06 ஆம் ஆண்டில் இந்தியப் புவிசார் குறியீடு பெற்றது. உடலும் கரையும் வெவ்வேறு நிறங்களில் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று பிணைக்கப்படும் கோர்வை முறையும், முந்தானைக்கு வேறு நிறப் பாவை இணைக்கும் பேட்னி முறையும் இதன் சிறப்பு அடையாளங்கள். மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, கோபுரம், யாளி, அன்னம், இருதலைப்பட்சி, மாங்காய், வங்கி முதலியன இங்கு வழங்கும் வடிவப் பெயர்களுட் சில.

ஜோசப் மரி ஜக்கார்டு 1804-05 அளவில் பிரான்சின் லியோன் நகரில் உருவாக்கிய துளையட்டைப் பொறியமைப்பே இன்றும் கைத்தறிகளின் மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அடிப்படை. வடிவமைப்பாளர் கட்டத்தாளில் வடிவத்தை வரைவார். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். நிரப்பிய கட்டத்துக்குத் துளை, வெற்றுக் கட்டத்துக்குத் துளையின்மை. துளை இருந்தால் கொக்கி எழும், கொக்கியோடு பாவும் எழும். ஓர் அட்டை ஓர் ஊடைக்கு உரியது. எனவே அட்டைக்கோவை என்பது இரு மதிப்புகள் மட்டுமே கொண்ட ஒரு படிமம். கணினித்திரையில் படவணுக்கள் தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே நெசவாளர் படவணுக்களால் ஆன படிமங்களைக் கையாண்டனர் எனலாம்.

பழைய பட்டுச் சேலைகளை அவற்றின் சரிகையில் உள்ள வெள்ளிக்காகவும் பொன்னுக்காகவும் வணிகர்கள் விலைக்கு வாங்கி உருக்குவது தமிழகத்தில் நெடுநாளாக உள்ள வழக்கம். சேலையோடு அதன் வடிவமும் போய்விடுகிறது. அட்டைகளோ கட்டத்தாளோ எஞ்சியிராத வடிவங்களுக்குச் சேலையே ஒரே மூலம் என்பதால், உருக்குமுன் எடுக்கப்படும் சில ஒளிப்படங்களிலிருந்து வடிவத்தை மீட்க முடியுமா என்பது வெறும் கல்விசார் வினா அன்று. பின்வரும் பகுதிகளில் கூறப்படுவன பெரும்பாலும் அவ்வாறான மீட்புக்கு உரியவை.

படம் எடுத்தல்

நிரலில் திருத்த முடியாத பிழைகள் படம் எடுக்கும்போதே நுழைகின்றன. அவற்றுள் முதலாவது நுண்மைக் குறைவு. மாதிரியெடுப்புத் தேற்றத்தின்படி ஓர் இழைக்குக் குறைந்தது இரண்டு படவணுக்கள் வேண்டும். அதற்குக் குறைந்தால் துணியில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் தோன்றும். இவற்றைப் பின்னர் எந்த வடிகட்டியாலும் முழுதாக நீக்க இயலாது. நடைமுறையில் ஓர் இழைக்கு எட்டு முதல் பத்துப் படவணுக்கள் இருப்பது நன்று. அங்குலத்துக்கு 60 பாவு இழை உள்ள துணியை இழைக்குப் பத்துப் படவணு வீதம் எடுத்தால் அங்குலத்துக்கு 600 படவணுக்கள் ஆகும். 4000 படவணு அகலமுள்ள ஒளிப்படத்தில் ஏறக்குறைய ஆறரை அங்குலத் துணியே அடங்கும். முழுச் சேலையை ஒரே படத்தில் அடக்க முயல்வது பயனற்றது. கரைக்கு மட்டும் எனில் 600 புள்ளி நுண்மையுள்ள சாதாரணத் தட்டை வருடியே போதும். வில்லையால் வரும் வளைவுகளும் அதில் இல்லை.

இரண்டாவது, சரிகையின் மினுக்கம். சரிகை உலோகப் பரப்பு ஆதலால் ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பும். அவ்விடத்தில் மூன்று நிறக்கூறுகளும் 255 என்னும் உச்சத்தைத் தொட்டு வெண்புள்ளியாகிவிடும். உச்சத்தைத் தொட்ட படவணுவில் நிறம் பற்றிய தகவல் எதுவும் எஞ்சாது. வெயிலைத் தவிர்த்து மேகமூட்டமான பகலில் எடுப்பது எளிய தீர்வு. துணியையும் படக்கருவியையும் அசைக்காமல் விளக்கை மட்டும் நான்கைந்து திசைகளில் வைத்து எடுத்து, ஒவ்வொரு படவணுவுக்கும் இடைநிலையளவை (ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் மதிப்பை) எடுத்துக்கொள்வது இன்னொரு தீர்வு. விளக்கின் முன்னும் வில்லையின் முன்னும் ஒன்றுக்கொன்று செங்குத்தான முனைவாக்கித் தகடுகளை வைத்தால் சரிகை கருமையாகவும் பட்டு தன் நிறத்திலும் தெரியும். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தன் முனைவாக்கத்தை இழப்பதில்லை என்பதே காரணம். சரிகை வேறு, மஞ்சள் பட்டு வேறு எனப் பிரிக்க வேண்டிய இடத்தில் இம்முறை பெரிதும் உதவும்.

கோப்பு வடிவத்தைப் பொறுத்தவரை, ஜேபெக் முறை படத்தை 8×8 படவணுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் விளிம்புகளில் புதிய நிறங்களை உண்டாக்கும். எடுத்த ஒளிப்படம் ஜேபெக்காக இருப்பதில் பெரிய இழப்பில்லை. ஆனால் இடைநிலை விளைவுகளை, குறிப்பாக 0, 255 என்னும் இரு மதிப்புகள் மட்டும் கொண்ட மறைப்படிமங்களை, பிஎன்ஜி போன்ற இழப்பற்ற வடிவத்திலேயே சேமிக்க வேண்டும். ஜேபெக்காகச் சேமித்துத் திறந்தால் 3, 7, 251 போன்ற மதிப்புகள் உள்ளே புகுந்திருக்கும். "பூச்சியம் அல்லாதவை யாவும் சரிகை" என எழுதிய நிரல் அவற்றையும் சரிகையாகவே எண்ணும்.

திறக்கும்போது நேரும் பிழைகள்

ஓப்பன்சிவி நிரலகம் 1999 இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. அதன் 1.0 பதிப்பு 2006 இல் வெளிவந்தது. இன்று மாணவர்கள் முதலில் அணுகுவது பெரும்பாலும் இதையே. இதைப் பைத்தான் மொழியில் பயன்படுத்தும்போது அடிக்கடி நேரும் தவறுகள் சில உள்ளன.

கோப்பு கிடைக்காதபோது படிக்கும் செயற்கூறு பிழைச்செய்தி எழுப்பி நிற்பதில்லை. வெறுமையைத் திருப்பித் தரும். பிழை பத்து வரிகள் கழித்து வேறொரு பெயரில் தலைகாட்டும். விண்டோசு இயங்குதளத்தில் கோப்புப் பெயர் தமிழில் இருந்தாலும் இதே நிலை ஏற்படுவதுண்டு. "மயில்கண்" எனப் பெயரிட்ட கோப்பு கண்முன் இருந்தும் நிரலுக்குக் கிடைக்காது. கோப்பின் பைட்டுகளைப் பைத்தானே படித்து, நினைவகத்திலிருந்து படிமமாக்கும் செயற்கூறிடம் ஒப்படைத்தால் இச்சிக்கல் தீரும். பெயரை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டிய தேவையில்லை.

படத்தின்மேல் தமிழில் எழுத முயன்றால் கேள்விக்குறிகளே தோன்றும். ஓப்பன்சிவியில் நெடுங்காலமாக உள்ள ஹெர்ஷி கோட்டெழுத்துகளில் தமிழ் இல்லை. பில்லோ நிரலகத்தின் மூலம் தமிழ் எழுத்துருவைக் கொண்டு எழுதலாம். ஆயினும் ராக்கம் என்னும் துணை நிரலகம் நிறுவப்படாதவிடத்து ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் விழும்.

நிறக்கூறுகளின் வரிசை ஓப்பன்சிவியில் நீலம், பச்சை, சிவப்பு ஆகும். பிற நிரலகங்கள் பெரும்பாலானவற்றில் சிவப்பு, பச்சை, நீலம். வரிசையை மாற்றாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொடுத்தால் அரக்குச் சேலை கருநீலமாகும். இத்தவறு கண்ணுக்கு உடனே தெரிவதால் அத்துணைத் தீங்கானதன்று. இருபுறமும் பச்சையாகவே இருக்கும் கிளிப்பச்சைச் சேலையை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கே இது கடைசிவரை தெரியாமல் போகும்.

அணியின் முதற்சுட்டு மேலிருந்து கீழான வரிசை, அதாவது ஊடை. இரண்டாம் சுட்டு பாவு. கோடு, வட்டம் முதலியன வரையும் செயற்கூறுகளோ முதலில் கிடைத்தொலைவையும் பிறகு செங்குத்துத் தொலைவையும் கேட்கும். சதுரப் படங்களில் இத்தவறு வெளிப்படாது. சோதனைப் படம் எப்போதும் நீள்சதுரமாகவும் சமச்சீரற்றதாகவும் இருக்க வேண்டும்.

எட்டு பிட்டு முழு எண்களின் சுழற்சியும் கவனிக்கத்தக்கது. நம்பை அணிகளில் 250 உடன் 10 ஐக் கூட்டினால் 260 வருவதில்லை. 256 கழிந்து 4 வரும். 5 இலிருந்து 10 ஐக் கழித்தால் 251 வரும். ஓப்பன்சிவியின் கூட்டற் செயற்கூறு அவ்வாறன்றி 255 இல் நின்றுவிடும். பல படங்களைக் கூட்டிச் சராசரி காணுமுன் தசம எண்களாக மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது.

நிறங்களைப் பிரித்தல்

ஒரு சேலைக்கரையில் கண்ணுக்கு மூன்று நான்கு நிறங்களே தெரியினும், அதன் ஒளிப்படத்தில் பல்லாயிரம் நிறங்கள் இருக்கும். நிழல், இழையின் முறுக்கு, ஒளியின் சாய்வு ஆகியன காரணம். கே-சராசரி முறையில் இவற்றைச் சில குழுக்களாகத் தொகுப்பது வழக்கம். அதனைச் சிவப்பு-பச்சை-நீல வெளியில் செய்யாமல் லேப் நிறவெளியில் செய்தால், மனிதக் கண் உணரும் வேறுபாட்டுக்கு நெருக்கமான பிரிப்பு கிட்டும்.

நிறச்சாயலைக் கொண்டு பிரிக்க விரும்புவோர், அது ஒரு வட்டம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஓப்பன்சிவியின் எட்டு பிட்டுப் படிமங்களில் சாயல் 0 முதல் 179 வரை அமையும். சிவப்பு இவ்வட்டத்தின் இரு முனைகளிலும் கிடக்கிறது. சாயல் 0 முதல் 10 வரை என ஒரே எல்லை கொடுத்தால் அரக்கு, குங்குமச் சிவப்பு ஆகியவற்றின் ஒரு பகுதி விடுபட்டுவிடும். 170 முதல் 179 வரையிலான மற்றோர் எல்லையையும் சேர்க்க வேண்டும். சாயல்களை நேராகக் கூட்டிச் சராசரி எடுப்பதும் தவறு. 2 க்கும் 178 க்கும் சராசரி 90, அது பச்சையை அடுத்த நீலப்பச்சை.

மயில்கழுத்து போன்ற இருநிற மினுக்கமுள்ள உடற்பகுதி தனிச்சிக்கல். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் ஆதலால், நெருங்கிப் பார்த்தால் இரு நிறம், விலகிப் பார்த்தால் மூன்றாவது நிறம். படத்தை மங்கலாக்கிய பின் குழுவாக்கினால் துணியில் எந்த இழையிலும் இல்லாத நிறமே விடையாக வரும். சாயத்துக்காக இழைநிறம் வேண்டுமெனில் மங்கலாக்காமல் குழுவாக்க வேண்டும். வடிவம் மட்டும் வேண்டுமெனில் மங்கலாக்கியதே நன்று.

சரிகை, தரை என இரண்டாக மட்டும் பிரிக்க வேண்டிய இடத்தில் 1979 இல் வெளியான ஒட்சு முறை வரம்பு மதிப்பைத் தானே கண்டறியும். படத்தின் ஒருபுறம் வெளிச்சம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இருந்தால் ஒரே வரம்பு பயன்படாது. அப்போது இடத்துக்கிடம் மாறும் வரம்பு முறையை நாட வேண்டும். அதில் சாளரத்தின் அகலம் வடிவத்தின் மிகப்பெரிய நிரப்பிய பகுதியைவிடப் பெரிதாக இருத்தல் அவசியம். இல்லாவிடில் மாங்காயின் நடுப்பகுதி வெறுமையாகி ஓரம் மட்டும் எஞ்சும்.

மீள்வடிவத்தைக் காணல்

கரைவடிவம் சேலை நெடுகத் திரும்பத் திரும்ப வருவது. ஐந்தரை மீட்டர்ச் சேலையில் இரண்டு அங்குல வடிவம் ஒரு கரையில் மட்டும் நூறு முறைக்கு மேல் வரும். நைந்த சேலையிலிருந்து வடிவத்தை மீட்க இதுவே பெருந்துணை. ஒரு மாங்காயில் சரிகை அறுந்த இடம் அடுத்த மாங்காயில் முழுமையாக இருக்கும். இருபது முப்பது மீள்வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒவ்வோர் இடத்துக்கும் இடைநிலையளவை எடுத்தால், கறை, கிழிசல், மடிப்பு ஆகியன மறைந்து வடிவம் எஞ்சும். எந்த ஓர் இடத்திலும் பாதிக்குக் குறைவான படிகளே சேதமுற்றிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எல்லாப் படியிலும் ஒரே இடத்தில் விழும் மடிப்புக்கோட்டை, எடுத்துக்காட்டாகக் கரையின் நீளவாட்டு மடிப்பை, இது நீக்காது.

மீள்நீளத்தை அறியத் தன்னொட்டுறவு பயன்படும். படத்தை அதன்மேலேயே நகர்த்தி, எவ்வளவு நகர்த்தும்போது மிகவும் ஒத்துப்போகிறது எனக் காண்பது இதன் கருத்து. அன்னமும் மயிலும் மாறிமாறி வரும் கரையில், அன்னம் மயிலின்மேல் விழும் பாதித்தொலைவிலும் ஒரு முகடு தோன்றும். முதலில் வரும் முகட்டையே மீள்நீளமாகக் கொண்ட நிரல் இரண்டையும் கலந்து ஒரு புதுப்பறவையைப் படைத்துவிடும். மிக உயர்ந்த முகட்டுக்கு ஏறத்தாழச் சமமான உயரமுள்ள முகடுகளுள் முதலாவதை எடுப்பதே முறை.

துணி இழுபடுவதாலும், பலகை அடிக்கும் வேகம் ஒவ்வொரு நாளும் ஒன்றுபோல் இராததாலும், மீள்வடிவங்களின் நீளம் படவணு அளவில் சிறிது மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் உள்ள ஊடைகளின் எண்ணிக்கை மாறாது. அட்டைகளின் எண்ணிக்கை மாறாததே காரணம். ஆகவே படவணு நீளத்தை நம்பாமல், ஒவ்வொரு மீள்வடிவத்தையும் தனித்தனியே எல்லை கண்டு, ஒரே ஊடை எண்ணிக்கைக்கு மாற்றிய பிறகே அடுக்க வேண்டும். இப்படியைத் தவிர்த்து நேராக அடுக்கினால் முதல் சில படிகள் பொருந்தி, மற்றவை நழுவி, வடிவம் கரைந்துவிடும்.

கோர்வைப் பிணைப்பில் உடலும் கரையும் பல்போல் கோத்துக்கொள்ளும் இடத்தையும், முந்தானைக்கு முன் பேட்னிப் பட்டையையும் இக்கணக்கிலிருந்து விலக்கிவிடுதல் நலம்.

இழைக்கட்டத்துக்கு மாற்றல்

கட்டங்கள் சதுரமல்ல. அங்குலத்துக்கு 60 கொக்கிப் பாவும் 80 ஊடையும் உள்ளதாகக் கொண்டால், இரண்டு அங்குலச் சதுரமான மாங்காய்க்கு 120 பாவும் 160 ஊடையும் தேவை. கணினித்திரையில் இது நெட்டையாகத் தெரியும். அழகுக்காகத் திரையில் அதனை 120×120 எனத் திருத்தினால், தறியில் அது ஒன்றரை அங்குல உயரமே பெற்றுச் சப்பையாகும். நிரல் காட்சிக்கு ஒரு படிமத்தையும் கணக்குக்கு ஒரு படிமத்தையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். ஒரு கொக்கி சில தறிகளில் ஒரே இழையையும் சிலவற்றில் இரண்டு மூன்று இழைகளையும் சேர்த்துத் தூக்கும். ஆதலால் எண்ண வேண்டியது இழைகளை அன்று, கொக்கிகளை. அவ்வெண் தறிக்குத் தறி வேறுபடும்; 120, 240 கொக்கிப் பெட்டிகள் கைத்தறிகளில் பரவலாக உள்ளன.

பெரிய படத்தை இச்சிறு கட்டத்துக்குச் சுருக்கும்போது வழக்கமான இடைக்கணிப்பு முறைகள் விளிம்பில் சாம்பல் மதிப்புகளைத் தரும். அரைத்துளை என ஒன்று அட்டையில் இல்லை. அண்மைப் படவணு முறை சாம்பலைத் தராது. ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒரே படவணுவை மட்டும் பார்ப்பதால் ஒரு தூசியே கட்டத்தை மாற்றிவிடும். பெரும்பான்மை முறை இரண்டையும்விட நன்று:

ஒவ்வொரு கட்டத்துக்கும்
  ஓரங்களை விட்டு நடுப்பகுதிப் படவணுக்களை எடு
  அவற்றுள் சரிகைக் குழுவைச் சேர்ந்தவற்றை எண்ணு
  பாதிக்கு மேல் எனில் கட்டம் = 1, இல்லையெனில் 0
  எண்ணிக்கை பாதியை ஒட்டி இருந்தால் ஐயப் பட்டியலில் சேர்

கடைசி வரியே மிகவும் பயனுள்ளது. ஐயப் பட்டியலில் உள்ள கட்டங்களை வண்ணமிட்டு வடிவமைப்பாளரிடம் காட்டினால், அவர் பத்தொன்பதாயிரத்து இருநூறு கட்டங்களையும் பார்க்க வேண்டியதில்லை. சில நூறு கட்டங்களைப் பார்த்தால் போதும்.

வடிவம் தொடர்ச்சியாகத் திரும்புவதால் அதன் வலது ஓரம் இடது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் இணைகிறது. வடிகட்டிகளை இடும்போது ஓரத்துக்கு வெளியே பூச்சியம் எனக் கொண்டால் ஒவ்வொரு மீள்வடிவத்தின் சந்தியிலும் ஒரு கோடு விழும். ஓப்பன்சிவியின் பல வடிகட்டிகள் சுற்றி இணையும் ஓரத்தை ஏற்பதில்லை. ஓரம் சேர்க்கும் செயற்கூறு அதனை ஏற்கும் ஆதலால், முதலில் அதன்மூலம் படிமத்தைப் பெரிதாக்கி, வடிகட்டி, பின்னர் நடுப்பகுதியை வெட்டி எடுக்கலாம்.

மிதவைச் சோதனை

ஓர் இழை நீண்ட தொலைவுக்கு எங்கும் பின்னப்படாமல் மேலோடினால் அது மிதவை. நீண்ட மிதவை வளையலிலும் மெட்டியிலும் சிக்கி இழுபடும். கட்டத்தாளில் அனுபவமுள்ள வடிவமைப்பாளர் நிரப்பிய பரப்புகளின் நடுவே கட்டுப்புள்ளிகளை இடுவது இதனால்தான். ஒளிப்படத்தில் இக்கட்டுப்புள்ளிகள் மிகச் சிறியவை. இரைச்சல் நீக்கும் வடிகட்டி இவற்றையே முதலில் இரைச்சல் என்று கருதி நீக்கிவிடும். படம் தூய்மையாகத் தோன்றும், துணி நிற்காது.

ஆகவே ஒவ்வொரு பாவிலும் ஊடையிலும் தொடர்ந்து வரும் ஒரே மதிப்பின் மிகநீண்ட ஓட்டத்தை எண்ணிப்பார்க்கும் சிறு செயற்கூறு கட்டாயம் வேண்டும். மீள்வடிவச் சந்தியைக் கடந்து செல்லும் ஓட்டத்தைப் பிடிக்க, வரிசையை அதன் பின்னாலேயே மீண்டும் ஒருமுறை ஒட்டி எண்ண வேண்டும். எவ்வளவு நீளம் பொறுக்கத்தக்கது என்பதை நிரலர் முடிவு செய்யக்கூடாது. அது தறிக்காரரின் முடிவு.

அட்டைக்கும் கோப்புக்கும் எழுதல்

படிமத்தின் பூச்சியமாம் வரிசை மேலே இருக்கும். நெசவில் முதல் அட்டை வடிவத்தின் எம்முனையில் தொடங்கும் என்பதைக் கேட்டறியாமல் எழுதினால் மாங்காய் தலைகீழாகும். இடவலமும் அவ்வாறே. சமச்சீரான கோபுரத்தைச் சோதனைக்கு எடுத்தால் இடவலப் பிழை தெரியாது. "கி" போன்ற ஓர் எழுத்தை முதலில் நெய்து பார்ப்பது இரு பிழைகளையும் ஒருசேரக் காட்டும்.

மின்னணு ஜக்கார்டுகளுக்கு ஒற்றை பிட்டு பிஎம்பி கோப்பைக் கொடுப்பதுண்டு. இவ்வடிவத்தில் வரிசைகள் வழக்கமாகக் கீழிருந்து மேலாகச் சேமிக்கப்படும். ஒவ்வொரு வரிசையும் நான்கின் மடங்கான பைட்டுகளுக்கு நிரப்பப்படும். 120 கொக்கிக்கு 15 பைட்டுகள் போதுமெனினும் கோப்பில் 16 இருக்கும். 240 கொக்கிக்கு 30 போதும், இருப்பது 32. நிரப்புப் பைட்டைக் கணக்கில் கொள்ளாத நிரல் ஒவ்வோர் ஊடையையும் சிறிது சிறிதாகத் தள்ளி எழுதும். நெய்த வடிவம் சாய்ந்து ஓடுவது இதன் அடையாளம். 0 என்பது கறுப்பா வெள்ளையா என்பதைக் கோப்பின் நிறப்பட்டியலே தீர்மானிக்கிறது. அதைப் பாராமல் விட்டால் தரை முழுதும் சரிகையாகவும் வடிவம் வெறுமையாகவும் வரும்.

எழுதி முடித்த கோப்பை அதே நிரலின் வேறொரு பகுதி திரும்பப் படித்து, கட்டப்படிமத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையே மாறுபட்ட கட்டங்களின் எண்ணிக்கை பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ இருந்தாலும் அட்டை குத்தலாகாது. அந்த ஒரு துளை சேலை நெடுக ஒவ்வொரு மீள்வடிவத்திலும் தோன்றும். தறியில் ஏறிய பட்டும் சரிகையும் திரும்ப வாரா.

சிற்பங்களிலிருந்து வடிவம் பெறுதல்

எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கைலாசநாதர் கோயிலின் யாளித் தூண்கள் போன்றவற்றின் ஒளிப்படங்களிலிருந்து நேரடியாக நெசவு வடிவம் பெற முயல்வோர் உண்டு. 1986 இல் வெளியான கேனி விளிம்பறி முறை இதற்கு அடிக்கடி பயன்படுத்தப்படுகிறது. அது தருவது நிழலின் எல்லைகளையும் கல்லின் சிதைவுகளையுமே. யாளியின் உருவக்கோட்டை அன்று. காலை ஒளியில் எடுத்த படமும் மாலை ஒளியில் எடுத்த படமும் இரு வேறு விலங்குகளைத் தரும். இங்குக் கணினியின் பங்கு சாய்வைத் திருத்தி, அளவை ஒழுங்குபடுத்தி, வரைபவரின் கட்டத்தாளுக்கு அடியில் ஒரு மங்கலான படத்தை வைப்பதோடு நிற்பது நன்று. எந்தக் கோட்டை விடுவது, பிடரியை எத்தனை ஊடையில் வளைப்பது என்பவற்றைக் கையால் வரைபவரே முடிவு செய்கிறார்.